இன்குபேட்டர் வாங்கியாச்சா... அடுத்த 21 நாள் நீங்கதான் அடைக்கோழி!

முட்டை ஓட்டில் சின்னதாக ஒரு விரிசல். உள்ளேயிருந்து 'கீச் கீச்' சத்தம். கொஞ்ச நேரத்தில் ஓட்டைத் தள்ளிக்கொண்டு ஈரமும் களைப்புமாக ஒரு கோழிக்குஞ்சு எட்டிப் பார்க்கிறது. 30 விநாடி ரீல்ஸ்தான். ஆனா, பார்த்து முடித்த கையோடு 'மினி இன்குபேட்டர் என்ன விலை?' என்று தேடாதவர்கள் குறைவு. சில ஆயிரம் ரூபாய்க்கு டிபன் பாக்ஸ் சைஸிலேயே மெஷின் கிடைக்கிறது. ஆர்டர் போட்டால் ரெண்டு மூணு நாளில் வீட்டுக்கே வந்துவிடும்.

அந்த ரீல்ஸில் காட்டாத 21 நாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்குபேட்டர் என்பது சூடு கொடுக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். அடைக்கோழி பார்க்கிற வேலையில் அது ஒரு பகுதியைத்தான் பார்க்கும். மீதி வேலை மொத்தமும் பிளக்கைச் சொருகுகிற ஆளின் தலையில்தான் விழும். அந்த வேலை 21-வது நாளோடு முடிவதும் இல்லை. அது என்னென்ன, எதற்காக என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தால், முட்டையும் வீணாகாது, மனசும் வலிக்காது.

அடைக்கோழி சும்மாவா உட்கார்ந்திருக்கு?

'அடைக்கோழி மாதிரி ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கான் பாரு' என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்போம். உண்மையில் அடைக்கோழி சும்மா உட்காருவதே இல்லை. அடைக்குப் படுத்ததும் அதன் வயிற்றுப் பகுதியில் இறகுகள் உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும்படி ஆகிவிடும். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு இடையில் தடையில்லாமல் முட்டைக்குப் போவதற்கான ஏற்பாடு அது.

சூடு கொடுப்பது மட்டுமல்ல. அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். ஓரத்தில் கிடக்கும் முட்டையை நடுவுக்கு இழுக்கும். நாளுக்கு ஒரு முறை எழுந்து போய், இரை எடுத்து, தண்ணி குடித்து, எச்சம் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக சூடு, ஈரம், காற்று, புரட்டல் என நாலு வேலை. இந்த நாலில் எது தப்பினாலும் முட்டை கூமுட்டைதான்.

இந்த வேலையை மனிதர்கள் கையில் எடுத்தது இன்று நேற்றல்ல. எகிப்தில் 2,000 வருடங்களுக்கு மேலாகவே களிமண் கட்டடங்களுக்குள் நெருப்பு மூட்டி, ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். தெர்மோமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூடு சரியா, தப்பா எனச் சொல்லிவிடுவார்களாம். நம்மிடம் டிஜிட்டல் டிஸ்பிளே இருக்கிறது. அந்தப் பொறுமைதான் தேவை.

சரி, கோழியே இருக்கும்போது மெஷின் எதுக்கு? நாட்டுக்கோழி அடைக்குப் படுத்தால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். மூன்று வாரம் அடை, அதற்குப் பிறகு குஞ்சுகளோடு ஒன்றிரண்டு மாதம் சுற்றல். முட்டைகளை மெஷினுக்கு மாற்றினால், கோழி சீக்கிரமே மறுபடி முட்டையிட ஆரம்பித்துவிடும். கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு இது பெரிய லாபம். இன்னொரு பக்கம், முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட பண்ணைக் கோழிகளுக்கு அடை படுக்கும் குணமே ஏறக்குறைய போய்விட்டது. அடை படுக்காமல் முட்டை போடுகிற கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது.

ஃபிரிட்ஜ் முட்டை பொரிக்காது பாஸ்!

முதல் குழப்பமே இங்கேதான். மளிகைக் கடையில் வாங்குகிற வெள்ளை முட்டையை வைத்தால் குஞ்சு வருமா? வராது. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் கோழிகளோடு சேவலை விடுவதில்லை. சேவல் சேராமலே கோழி முட்டை போடும். ஆனா, அந்த முட்டைக்குள் கரு இருக்காது. 21 நாள் இல்லை, 210 நாள் வைத்தாலும் குஞ்சு வராது.

உங்களுக்குத் தேவை, சேவலோடு சேர்த்து வளர்க்கப்படும் கோழியின் முட்டை. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் வளர்க்கிற இடமாக இருந்தால் நல்லது. தெரிந்தவர் வீட்டில், பக்கத்து ஊர் பண்ணையில் நேரில் போய் வாங்குவது பெஸ்ட். கூரியரில் வரவழைத்தால், குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும்.

முட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• வழக்கமான அளவும் வடிவமும் உள்ள முட்டையாக எடுங்க. ரொம்பப் பெரிசு, ரொம்பச் சின்னது, கோணல்மாணல் வேண்டாம்.

• மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிடுங்க.

• அழுக்கா இருக்கேன்னு கழுவாதீங்க. முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும்.

• இட்டு 7 நாள்களுக்குள் உள்ள முட்டையாக இருக்கட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும்.

முட்டை சேர்த்து வைக்க ஏற்ற வெப்பம் 15 முதல் 18 டிகிரி. நம்ம ஊரில் அதற்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் அதைவிடக் குளிர்ச்சி, கருவுக்கு ஆகாது. வெயில் காலத்து ரூமோ அதிக சூடு, கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துக் கெட்டுப்போகும். அகலமான மண்சட்டியில் மணலைப் பரப்பி, ஈரப்படுத்தி, அதன் மேல் இன்னொரு சின்ன மண்சட்டியை வைத்து, அதற்குள் முட்டையைக் கூர்முனை கீழாக வைத்து, நிழலில் விடுவது நல்ல வழி. கோடையில் மூணு நாலு நாளுக்கு மேல் சேர்க்காமல் மெஷினில் ஏற்றிவிடுவது அதைவிட நல்ல வழி.

பெட்டியைப் பிரிச்சதும் முட்டையை வைக்காதீங்க!

மெஷின் வந்த உற்சாகத்தில் அன்றைக்கே முட்டையை அடுக்கிவிடத் தோன்றும். பொறுங்க. முட்டை இல்லாமல் குறைந்தது 24 மணி நேரம் ஓடவிட்டு, வெப்பமும் ஈரப்பதமும் ஒரே சீராக நிற்கிறதா என்று பாருங்க.

மெஷினின் டிஸ்பிளே காட்டுவதை அப்படியே நம்பவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற டிஜிட்டல் ஜுர தெர்மோமீட்டரை முட்டை இருக்கும் உயரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு டிகிரி வித்தியாசம்கூட இங்கே பெரிய விஷயம்.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைச் சோதிக்க நம்ம கிச்சனிலேயே வழி இருக்கிறது. ஒரு மூடியில் கொஞ்சம் உப்பை எடுத்து, கூழ் பதத்துக்கு வரும் அளவு மட்டும் தண்ணி விடுங்க. உப்பு முழுசா கரைந்துவிடக் கூடாது. அதையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, 8 மணி நேரம் கழித்துப் பாருங்க. 75 சதவிகிதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்கள் கருவி எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது இடம். ஜன்னல் வெயில், ஃபேன் காற்று, ஏ.சி-யின் நேர்க்காற்று எதுவும் படாத இடமா இருக்கணும். இன்குபேட்டரில் ஹீட்டர் உண்டு, கூலர் கிடையாது. ரூமே 38 டிகிரியில் கொதித்தால், மெஷினால் உள்ளே 37.5-ல் நிறுத்த முடியாது. அதனால், வேலூர், திருச்சி, மதுரை ஏரியாக்காரர்கள் அக்னி நட்சத்திர நாள்களில் ஆரம்பிக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

37.5... இந்த நம்பரை மறக்காதீங்க!

உள்ளே சின்ன ஃபேன் சுற்றும் மெஷின் என்றால், வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 99.5. ஃபேன் இல்லாத மெஷினில் சூடு மேலே ஏறித் தங்கிவிடும் என்பதால், முட்டையின் மேல்பக்க உயரத்தில் அளந்து 38.5 டிகிரி அளவில் வைக்க வேண்டும். முதல்முறை முயற்சி செய்பவர்கள் ஃபேன் உள்ள மெஷினையே வாங்கிவிடலாம், டென்ஷன் குறைவு.

சூடு கொஞ்சம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகி, குஞ்சு ஒரு நாள் தாமதமாக வரலாம். ஆனால், சூடு கூடினால் கரு தாங்காது. 40 டிகிரியைத் தாண்டி நின்றால் ஆபத்து. 'சீக்கிரம் பொரிக்கட்டும்' என்று அரை டிகிரி ஏற்றி வைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சென்னைக்கு ஒரு கணக்கு, கோவைக்கு ஒரு கணக்கு

பலர் கோட்டைவிடும் இடம் ஈரப்பதம்தான். முட்டை சுவாசிக்கிறது. 21 நாளில் நுண்துளைகள் வழியாகத் தன் எடையில் சுமார் 12 முதல் 14 சதவிகிதத்தை நீராவியாக வெளியே விட வேண்டும். அப்படி இழக்கிற இடத்தில்தான் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றுப்பை பெரிதாகும். குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றுப்பைக்குள்தான்.

ஈரப்பதம் அதிகமானால் காற்றுப்பை சின்னதாகி, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுத் திணறிப்போகும். குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டி, அதைத் திரும்பவே விடாது. முதல் 18 நாள்களுக்கு 45 முதல் 55 சதவிகிதம், கடைசி மூன்று நாள்களுக்கு 65 முதல் 70 சதவிகிதம். இதுதான் இலக்கு.

இதற்கு 'ட்ரே நிறைய தண்ணி ஊத்துங்க' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஊரைப் பொறுத்தது. சென்னையில் ரூம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவிகிதம் என்று வையுங்க. அதே காற்று மெஷினுக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது, ஈரப்பதம் சுமார் 50 சதவிகிதமாக இறங்கிவிடும். அதாவது, ஒரு சொட்டு தண்ணி ஊற்றாமலே கணக்கு சரி! கோவையிலோ மதுரையிலோ காற்று வறண்ட நாளில், ரூம் 33 டிகிரி, ஈரப்பதம் 40 சதவிகிதம் என்றால், மெஷினுக்குள் அது 30 சதவிகிதம் அளவுக்குப் போய்விடும். அங்கே தண்ணி கட்டாயம். யூடியூபில் யாரோ சொன்ன அளவை அப்படியே பின்பற்றாமல், உங்கள் வீட்டு ஹைக்ரோமீட்டர் சொல்வதைக் கேளுங்க.

ஒரு டிப்ஸ்: தண்ணியின் ஆழம் கூடினால் ஈரப்பதம் கூடாது. பரப்பளவு கூடினால்தான் கூடும். ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு நன்றாக வேலை செய்யும். நனைத்த ஸ்பாஞ்ச் துண்டும் கைகொடுக்கும்.

புரட்டணும்... தினமும் புரட்டணும்!

முட்டையை ஒரே பக்கமாக விட்டால், கரு மேலே மிதந்துபோய் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது. அதனால்தான் கோழி அலகால் புரட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் மெஷின் தானாகப் புரட்டிவிடும். அது நிஜமாகவே சுற்றுகிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்த்தால் போதும். கையால் புரட்டும் மெஷின் என்றால், முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் 'X', மறுபக்கம் 'O' என்று குறியுங்க. பேனா, மார்க்கர் வேண்டாம். ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை மெதுவாகப் புரட்டுங்க. ஏன் ஒற்றைப்படை? நாம் தூங்கும் நேரம்தான் நீளமான இடைவெளி. ஒற்றைப்படையில் புரட்டினால், நேற்றிரவு கீழே இருந்த பக்கம் இன்றிரவு மேலே வந்துவிடும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

முட்டையைப் படுக்கை வசமாகவோ, அகன்ற முனை மேலே இருக்கும்படியோ வைக்கலாம். கூர்முனை மேலே வரவே கூடாது.

7-ம் நாள் டார்ச் டெஸ்ட்

உள்ளே உயிர் இருக்கா, இல்லையா? இதற்கு உங்கள் மொபைல் டார்ச்சே போதும். ஒரு கெட்டி அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் சைஸுக்கு ஓட்டை போட்டு, டார்ச் மேல் வைத்து, ரூம் லைட்டை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையை ஓட்டையில் வைத்துப் பாருங்க.

• நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகள்: சூப்பர், கரு வளருது!

• மஞ்சளாக, வெறுமையாக, விளக்கு மாதிரி தெளிவாக இருந்தால்: கருக்கூடாத முட்டை.

• நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால்: வளர ஆரம்பித்து இறந்துபோன கரு.

கோழிக்கருவின் இதயம் இரண்டாம் நாள் முடிவதற்குள்ளேயே துடிக்க ஆரம்பித்துவிடும். 7-ம் நாள் நீங்கள் பார்க்கும் நரம்புகளில் ஓடுவது நிஜ ரத்தம். முதன்முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், கேரன்ட்டி.

கருக்கூடாததையும் இறந்ததையும் எடுத்துவிட வேண்டும். கெட்ட முட்டை அந்தச் சூட்டில் அழுகி, வெடித்து, மற்ற முட்டைகளையும் நாசமாக்கும். நாற்றம் வேறு! சந்தேகமான முட்டையை மட்டும் குறித்து வைத்து, 10-ம் நாள் மறுபடி பாருங்க. 14-ம் நாள் இன்னொரு டெஸ்ட். அப்போது முட்டை பெரும்பாலும் இருட்டாக, அகன்ற முனையில் காற்றுப்பை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். உள்ளே அசைவுகூடத் தெரியலாம். அதற்காக தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.

பவர் கட்டா? பதறாதீங்க

மாதாந்தரப் பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்க கரன்ட் போகும் ஊர் நம்முடையது. அந்த அறிவிப்பைப் பார்த்துத் தேதி குறிப்பது நல்லது. அதையும் மீறிப் போனால், முதல் விதி, மூடியைத் திறக்காதீங்க. மெஷினுக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காமல் விடுங்க. அடைக்கோழியும் தினமும் எழுந்து போய்விட்டுத்தானே வருகிறது? அரை மணி, ஒரு மணி நேரத்தில் எதுவும் ஆகிவிடாது. நேரம் நீண்டால், வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி மெஷினை ஒட்டி வெளியே வைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையே இல்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மாடல்களும் உண்டு.

பல மணி நேரம் கரன்ட் இல்லாமல் போனாலும் அவசரப்பட்டு முட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். கரன்ட் வந்ததும் வழக்கம்போல ஓடவிட்டு, நாலு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்க.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடைமுட்டையோடு இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய் போட்டு வைக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. இடியால் ஒன்றும் ஆகாது. ஆனா, இடி மழையோடு போகிற கரன்ட்டால் ஆகும்!

18-ம் நாள்... இனி மூடியைத் தொடாதீங்க

முட்டை வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காதீங்க. 24 மணி நேரம் முடிந்தால்தான் முதல் நாள். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். சனிக்கிழமை வைத்தால், சனிக்கிழமை பொரிக்கும். லீவு நாளில் கூடவே இருந்து பார்க்க இப்படித் திட்டமிடலாம்.

18-ம் நாள் புரட்டுவதை நிறுத்துங்க. புரட்டும் தட்டை எடுத்துவிட்டு, குஞ்சு கால் வழுக்காமல் இருக்க சொரசொரப்பான துணியோ வலையோ விரியுங்க. ஈரப்பதத்தை 65-70 சதவிகிதத்துக்கு ஏற்றுங்க. காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்க. உள்ளே இருப்பது இப்போது முழுக் குஞ்சு, அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். இத்தனையும் முடித்து மூடினால், பொரித்து முடியும்வரை திறக்கக் கூடாது.

20-ம் நாள் வாக்கில் குஞ்சு காற்றுப்பையைக் குத்தி முதல் மூச்சு விடும். உள்ளிருந்தே கத்த ஆரம்பிக்கும். தாய்க்கோழியாக இருந்தால், அதற்குப் பதில் குரலும் கொடுக்கும். பிறகு, அலகின் நுனியில் இருக்கும் கூரான சின்ன மேட்டால் ஓட்டைக் கொத்தி விரிசல் விடும். இதற்காகவே முளைக்கும் அந்த மேடு, பொரித்த சில நாள்களில் விழுந்துவிடும்.

முதல் விரிசலுக்குப் பிறகு மணிக்கணக்கில் எந்த அசைவும் இருக்காது. 'ஐயோ பாவம், மாட்டிக்கிச்சு போல' என்று ஓட்டை உரித்துவிடக் கை பரபரக்கும். உரிக்காதீங்க. அந்த நேரத்தில் குஞ்சு ஓய்வெடுக்கவில்லை. மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், சவ்விலுள்ள ரத்தத்தை உடம்புக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. பாதியில் உரித்தால் ரத்தம் கசிந்து இறந்துபோகும். விரிசலிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். திறந்தால், மற்ற முட்டைகளின் சவ்வும் காய்ந்துபோகும். இந்த 21 நாளில் கஷ்டமான வேலை எது என்று கேட்டால், எதுவும் செய்யாமல் இருப்பதுதான்.

வெளியே வந்த குஞ்சு உடனே பசியில் சாகாது. உள்ளே இழுத்த மஞ்சள்கரு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். இறகு உலர்ந்து பஞ்சு மாதிரி ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். 21-ம் நாள் தாண்டியும் பொரிக்காத முட்டைக்கு 23-ம் நாள்வரை அவகாசம் கொடுக்கலாம். முதல் முயற்சியில் 10 முட்டைக்கு ஆறு, ஏழு குஞ்சு வந்தாலே நீங்கள் பாஸ்தான்.

குஞ்சு வந்தாச்சு... இனிமேதான் வேலையே!

குஞ்சுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் இறக்கைக்குப் பதில் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். உயரமான அட்டைப்பெட்டி, அதில் ஒரு ஓரமாக பல்பு. முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மோமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிருது. மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்தால் எல்லாம் ஓகே.

தரையில் வழவழப்பான பேப்பர் மட்டும் விரித்தால் கால் விரிந்து ஊனமாகிவிடும். உமி, அதன் மேல் முதல் இரண்டு நாளுக்குச் சாக்கோ துணியோ போடுங்க. தண்ணி வைக்கும் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு மூழ்காது. நொய்யரிசி மட்டும் போட்டு வளர்த்தால் சத்து பத்தாது. தீவனக் கடையில் 'ஸ்டார்ட்டர்' என்று கேட்டால் குஞ்சுத் தீவனம் தருவார்கள். காக்கா, பூனை, எலி மூன்றுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும். குழந்தைகள் தொட்டுக் கொஞ்சலாம், முத்தம் மட்டும் வேண்டாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கோழி எச்சத்தின் வழியாகப் பரவும் சால்மோனெல்லா கிருமி விளையாட்டல்ல.

முக்கியமாக, தடுப்பு மருந்து. 'வெள்ளைக்கழிச்சல்' வந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் கூட்டமும் காலியாகிவிடும். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடும் மருந்து இருக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்க.

சேவலா பொறந்தா என்ன பண்ணுவீங்க?

இந்தக் கேள்வியை மெஷின் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால், வரப்போவதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும்.

'கூர்மையா இருக்கிற முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை' என்று பார்த்துப் பார்த்து வைத்தாலும் பலன் இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் குரோமோசோமிலேயே, ஓடு உருவாகும் முன்பே முடிவாகிவிடும். ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மெஷினின் சூட்டாலும் அதை மாற்ற முடியாது.

மூணு நாலு மாதத்தில் சேவல் கூவ ஆரம்பிக்கும். விடியற்காலை நாலு மணிக்கு. அபார்ட்மென்ட்டில். எதிர் வீட்டு அங்கிளின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்க. இடம் சின்னதாக இருந்தால் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். அவற்றை ஊரில் தோட்டம் உள்ள சொந்தக்காரருக்குத் தரப்போகிறீர்களா, விற்கப்போகிறீர்களா, வீட்டிலேயே சமைக்கப்போகிறீர்களா? எதுவும் தப்பான பதில் இல்லை. பதிலே இல்லாமல் ஆரம்பிப்பதுதான் தப்பு. வீட்டில் குழந்தைகள் இருந்தால், இந்தப் பதிலை அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பேர் வைத்துக் கொஞ்சிய சேவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போவதை எந்தக் குழந்தையும் லேசில் மறக்காது.

பெரிய ஹேச்சரிகளுக்கும் இதே பிரச்னைதான். முட்டைக்கோழி ரகத்தில் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் வேகமாக வளராது. அதனால், பொரித்த அன்றே அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஜெர்மனி 2022-ல் இதற்குத் தடையே போட்டது. நம்ம ஊர்த் தெருக்களில் பச்சை, ரோஸ் என்று சாயம் பூசி விற்கிறார்களே கலர் கோழிக்குஞ்சுகள், அவற்றில் பெரும்பாலானவை இப்படி வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள்தான். வாங்கிப் போனவர்கள் வீட்டில் அவை எத்தனை நாள் இருந்தன என்று நமக்கே தெரியும்.

அதனால், 12 முட்டை பிடிக்கும் மெஷின் என்பதற்காக 12 முட்டையும் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு மாதம் கழித்து உங்கள் வீட்டில் எத்தனை கோழிக்கு இடம் இருக்கும் என்று யோசித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. அதே நேரம் ஒற்றைக் குஞ்சு தனியாக வாடிப்போகும் என்பதால், ஒரேயொரு முட்டையோடும் ஆரம்பிக்க வேண்டாம்.

இடம் இருக்கு, மூணு வாரம் வெளியூர் போகும் பிளான் இல்லை, சேவல் கேள்விக்கும் பதில் ரெடி என்றால் தைரியமாக பிளக்கைச் சொருகலாம். ஏதோ ஒன்று இடிக்கிறது என்றால், மெஷின் எங்கேயும் ஓடிவிடாது, அலமாரியிலேயே இருக்கட்டும். சேவல் சேராத கடை முட்டை இருக்கவே இருக்கு... இன்னைக்கு ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்க!